துயர வோல்ஸும் நெய்தல் இரங்கலும்

ஒரு மனையிற் சாப்பறையாகிய நெய்தல் ஒலிக்க, அடுத்த மனையில் மணமுழவு முழங்கும் ஓர் ஊரைப் புறநானூற்றின் 194ஆம் பாட்டு காட்டுகின்றது. அதனைப் பாடிய பக்குடுக்கை நன்கணியார் அவ்விரு ஒலிகளையும் இரு வேறு மனைகளில் வைத்தார். ஒரு மனையிற் கூடிய மகளிர் பூவணிகின்றனர். மற்றையதிற் பிரிந்த மகளிர் கண்ணீர் சொரிகின்றனர். இடையே சுவர் ஒன்று நிற்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அச்சுவரை நீக்கி, ஆடற்றாளத்தையும் சாவையும் ஒரே அறையில், ஒரே பெண்ணின் உடலிற் பொருத்திக் காட்டியது பின்லாந்து நாட்டு இசைச் சிற்றுரு ஒன்று. ஜான் சிபேலியஸ் (1865–1957) இயற்றிய 'வால்ஸ் திரீஸ்த்' என்பதே அது. 'துயர வோல்ஸ்' என்பது அப்பிரெஞ்சுப் பெயரின் பொருளாகும். ஆறு நிமிடமளவில் முடிந்துவிடும் இப்பல்லிய உருப்படியின் காலப்பிரமாணம், சுருதித்தளம், மெய்ப்பாடு ஆகியன எவ்வாறு அமைந்தன, அவற்றை நெய்தற் கரையொன்றிலிருந்து கேட்போர் எவ்வாறு விளங்கிக்கொள்ளலாம் என்பன வரலாற்று நோக்கில் ஆராயத்தக்கவை.

இவ்விசை முதலில் அரங்கேறியது இசையரங்கிலன்று, நாடக மேடையிலாகும். சிபேலியசின் மனைவி ஐனோவின் உடன்பிறந்தாரான ஆர்விட் யார்னெபெல்ற், 'குவோலெமா' என்றொரு நாடகம் எழுதினார். பின்னிய மொழியில் அச்சொல்லுக்கு 'மரணம்' என்பது பொருள். அந்நாடகம் 1903ஆம் ஆண்டு டிசெம்பர் 2ஆம் நாள் ஹெல்சிங்கியில் அரங்கேறியபோது அதற்கான இசைப்பகுதிகளைச் சிபேலியஸ் அமைத்துக் கொடுத்தார். அவற்றுள் முதற்பகுதியே பின்னர்த் திருத்தம்பெற்று, 1904 ஏப்பிரலில் 'வால்ஸ் திரீஸ்த்' என்னும் பெயருடன் தனியுருப்படியாக இசைக்கப்பட்டது.

காட்சி எளிமையானது. இரவு. நோயுற்ற தாயின் படுக்கையருகே மகன் பாவலி விழித்திருந்து, களைப்பினால் உறங்கிவிடுகின்றான். அறையிற் செந்நிற ஒளி பரவுகின்றது. தொலைவில் வோல்ஸ் இசை கேட்கின்றது. தாய் எழுகின்றாள். அவள் அணிந்திருக்கும் வெண்ணிற இரவாடை ஆடலரங்கிற்குரிய உடைபோலத் தோன்றுகின்றது. அவள் கையசைக்க, உருவற்ற விருந்தினர் இணையிணையாக வந்து ஆடுகின்றனர். அவளும் அவர்களிடையே ஆடுகின்றாள். அவர்களோ அவள் முகத்தை நோக்குவதில்லை. சோர்ந்து படுக்கையில் விழுகின்றாள், இசை நிற்கின்றது. மீண்டும் வலிமையெல்லாந் திரட்டி எழுந்து முன்னிலும் வேகமாக ஆடுகின்றாள். ஆட்டம் உச்சமெய்தும் வேளையிற் கதவு தட்டப்படுகின்றது. வாயிலில் நிற்பது மரணம். நாடகத்தில் அவள் அம்மரணத்தைத் தன் இறந்த கணவன் என்றே எண்ணி வரவேற்கின்றாள் என்பது சிறப்பாக நோக்கற்பாலது. மகன் கண்விழிக்கும்போது அவள் உயிருடன் இல்லை.

இக்கதையை அறியாது கேட்பவரும் ஏதோ ஒரு கலக்கத்தை உணர்வர். அதன் காரணத்தைத் தாளத்திலிருந்து தேடத் தொடங்கலாம்.

வோல்ஸ் என்பது மும்மாத்திரை ஆடல். நம் இசை மரபில் திஸ்ர நடையென்றோ, மூன்று எண்ணிக்கை கொண்ட ரூபக தாளமென்றோ அதனை அண்ணளவாகக் கொள்ளலாம். முதலெண்ணிக்கை கனத்தும் அடுத்த இரண்டும் மெலிந்தும் ஒலிக்கும். ஆத்திரியா, பவேரியா மலைப்புறத்து உழவரின் ஆடல்களிலிருந்து பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இது வளர்ந்தது. 1814–15இல் வியன்னா மாநாடு கூடிய காலத்தில் ஐரோப்பிய உயர்குடியினரின் விருப்பமான ஆடலாயிற்று. ஆணும் பெண்ணும் தழுவிச் சுழலும் ஆட்டமாதலின் ஒழுக்கவாதிகள் கண்டித்தனர். கண்டனம் அதன் புகழை வளர்த்தது எனலாம். வியன்னா வோல்ஸ் நிமிடத்துக்கு ஏறத்தாழ 60 தாள வட்டங்கள் செல்லும் விரைவுடையது. பிற்காலத்தில் ஆடற்போட்டிகளில் இடம்பெற்ற மெதுவான வோல்ஸோ நிமிடத்துக்கு 28 முதல் 30 வட்டங்களே கொண்டது. ஒரே தாளம் இருமடங்கு கால வேறுபாட்டுடன் நிலவுகின்றது. முதலாங் காலம், இரண்டாங் காலம் எனப் பயின்ற நம்மவர்க்கு இதில் வியப்பில்லை.

ஆடுவதற்கன்றிக் கேட்பதற்கென வோல்ஸ் அமைக்கும் வழக்கம் வேபர் 1819இல் இயற்றிய 'ஆடலுக்கு அழைப்பு' என்னும் பியானோ உருப்படியோடு வலுப்பெற்றது. ஆட்டக்காரரின் கால்களிலிருந்து விடுபட்டதும் வோல்ஸ் தன் வேகத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமை பெற்றது. 1838இல் வெளிவந்த சொப்பானின் மூன்று வோல்ஸ்களுள் ஒன்று ஏ மைனரில் 'லென்ரோ', அதாவது விளம்பகாலம், என்ற குறிப்புடன் அமைந்தது. பதிப்பாளர் அதற்கும் 'ஒளிமிக்க பெருவோல்ஸ்' என்றே தலைப்பிட்டமை சற்று நகைப்புக்குரியது. உருசியாவிற் கிளிங்கா பி மைனரில் இயற்றி, 1856இற் பல்லியத்துக்கு இறுதி வடிவம் கொடுத்த 'வோல்ஸ் கற்பனை' துயர வோல்ஸின் மற்றொரு முன்னோடி. ஆகவே, சிபேலியஸ் வெற்றிடத்தில் விதைத்தவரல்லர்.

எனினும் அவர் காலத்தைக் கையாண்ட முறை தனித்தன்மையுடையது. தாழ்ந்த தந்திகளை வில்லாலன்றி விரலாற் சுண்டி எழுப்பும் சில ஒலிகளுடன் உருப்படி தொடங்குகின்றது. கனத்த முதலெண்ணிக்கை தெளிவாக விழுவதில்லை. வோல்ஸின் எலும்புக்கூடு மாத்திரமே தெரிகின்றது. வயலின்கள் எடுக்கும் மெட்டு ஓரடி வைத்துத் தயங்கும் நோயாளியின் நடையை ஒத்தது. பின்னர்க் காலம் சிறிது சிறிதாக விரைகின்றது, தளர்கின்றது, மீண்டும் முன்னிலும் விரைகின்றது. 'லென்ரோ' என்ற தொடக்கக் குறிப்புக்கும் இறுதியில் வரும் 'லென்ரோ அஸ்ஸாய்', அதாவது மிக விளம்பம், என்ற குறிப்புக்கும் இடையிலே வெறியோட்டமான ஒரு பகுதி அமைந்துள்ளது. காலப்பிரமாணம் இங்கே கதையின் உடல்நிலைக் குறிப்பாகிவிடுகின்றது.

விளம்பகாலமே துயரத்துக்குக் காரணம் என்று கூறிவிட இயலாது. லேர்மந்தோவின் 'முகமூடி ஆடல்' நாடகத்துக்கு ஆரம் கச்சத்தூரியன் அமைத்த வோல்ஸ் வேகமானது, ஏ மைனரில் அமைந்தது, சுழன்றடிக்கும் இயல்புடையது. ஆயினும் அது கேட்போரை மகிழ்விப்பதைவிடக் கலங்கச் செய்வதே மிகுதி. ஆடலரங்கிலிருந்து திரும்பும் நீனா என்னும் தலைவி, ஐயங்கொண்ட கணவனிட்ட நஞ்சினால் இறக்கின்றாள். அவ்விசையுடன் நாடகம் மொஸ்கோவில் அரங்கேறிய நாள் 1941 யூன் 21. மறுநாள் விடியலிற் செருமானியப் படைகள் சோவியத்து ஒன்றியத்துட் புகுந்தன. இது தற்செயல், ஆனால் பின்வந்த கேட்போர் அவ்விரு நாள்களையும் பிரித்துக் கேட்பது அரிதாயிற்று.

இனிச் சுருதித்தளம். வால்ஸ் திரீஸ்த் ஜி மைனரில் அமைந்தது. இதனை நம் இசைமொழியிற் கூறின், ஜி என்னும் சுரத்தை ஆதார சட்சமாகக் கொண்டு, சதுச்சுருதி ரிஷபம், சாதாரண காந்தாரம், சுத்த மத்திமம், பஞ்சமம், சுத்த தைவதம் ஆகியவற்றுடன் கைசிகி நிஷாதம் சேரின் அது இருபதாவது மேளமாகிய நடபைரவி. நிஷாதம் காகலியாயின் இருபத்தோராவது மேளமாகிய கீரவாணி. மைனர் என்பது இவ்விரண்டுக்குமிடையே ஊசலாடுவது. இடைப்பகுதியிற் புல்லாங்குழலும் கிளாரினெற்றும் மேலெழும்போது இசை ஜி மேஜருக்கு மாறுகின்றது. அதாவது ஆதார சட்சம் அசையாதிருக்க, சாதாரண காந்தாரம் அந்தர காந்தாரமாகவும் சுத்த தைவதம் சதுச்சுருதி தைவதமாகவும் மாறிச் சங்கராபரணம் தோன்றுகின்றது. கருநாடக இசையறிஞர் இதனை இராகமாலிகை என்பர். மேலைத்தேயக் கேள்வியாளரோ அதே அறையில் விளக்கேற்றப்பட்டதாக உணர்கின்றனர். தாயின் ஆடல் மகிழ்ச்சியாகும் பகுதி இதுவே. அவ்விளக்கு நீடித்து எரிவதில்லை. தொடக்கச் சுரங்களிலேயே ஆதார சுரம் எதுவென்று செவிக்கு உடனே தெளிவாகாதபடி அமைத்திருப்பதும் இம்மயக்கத்தின் பகுதியே.

மைனர் துயரமுடையது, மேஜர் மகிழ்ச்சியுடையது என்பது மேலைத்தேயத்தாரின் பொதுநம்பிக்கை. அத்துடன் நில்லாது ஒவ்வொரு சுருதித்தளத்துக்கும் ஒவ்வொரு குணத்தை வகுத்தோரும் உளர். செருமானியக் கவிஞரும் இசைவாணருமான சூபார்ற் இறந்தபின், 1806இல் வெளிவந்த அவரது இசையழகியல் நூல் ஜி மைனருக்கு மனநிறைவின்மையையும் கலக்கத்தையும் உரிமையாக்கியது. மொசார்ற் 1787இல் எழுதிய தந்தி ஐவரிசையும் 1788இல் எழுதிய நாற்பதாவது சிம்பொனியும் இச்சுருதித்தளத்தில் அமைந்தமை அந்நம்பிக்கைக்கு வலுவூட்டியது. ஆயினும் சுர இடைவெளிகள் யாவும் சமமாக்கப்பட்ட பியானோவில் ஜி மைனருக்கும் ஏ மைனருக்கும் உயரத்திலன்றி உறவில் வேறுபாடு கிடையாது. ஆகவே இக்குணங்களிற் பெரும்பகுதி பழக்கத்தின் பயனே. நான்கு கட்டையிற் பாடினாலும் ஐந்து கட்டையிற் பாடினாலும் முகாரி முகாரியே என்பதில் நம் பாடகர்க்கு ஐயமில்லை.

மைனர் அடுக்கும் நம்மிடையே அழுகைக்கென ஒதுக்கப்பட்டதன்று. தியாகராசரின் 'கலிகியுண்டே' கீரவாணியில் அமைந்தது. அதனை ஒப்பாரி என்பார் யாருமிலர். மறுதலையாக, அழுகைக்குரியதென உலகோர் பேசும் முகாரியில் அவர் சபரியின் பேற்றை வியந்து 'எந்தனினே' பாடினார். முகாரி என்றவுடன் மூக்கைச் சிந்தும் மேடைநாடக வழக்கு, இராகத்தின் இயல்பன்று, இரசிகரின் பயிற்சி. சுர அடுக்கு மெய்ப்பாட்டுக்கு இடங்கொடுக்கின்றதேயன்றி அதனை விளைவிப்பதில்லை. கமகமும், சொல்லும், கேட்போரின் நினைவும் சேர்ந்தே அதனை விளைவிக்கின்றன. பிற்காலத்தில் இளையராஜா கீரவாணியைத் திரையிசையிற் பெரிதும் எடுத்தாண்டு மேலைத்தேய மைனருடன் இணைத்தார். அதன்பின்னரே தமிழ்ச் செவிகள் அவ்வடுக்கை ஏக்கத்தின் மொழியாகப் பரவலாகக் கேட்கத் தொடங்கின எனக் கருதலாம்.

தமிழர் மேலைத்தேய மும்மாத்திரையைக் கேட்டது அதற்கு நெடுங்காலம் முன்னரே. பாலுசுவாமி தீட்சிதர் (1786–1859) சென்னையில் ஐரோப்பியரிடம் வயலின் பயின்றார். அவர் தமையன் முத்துசுவாமி தீட்சிதர் (1775–1835) சென்னைக் கோட்டையின் படைவாத்தியக் குழுக்கள் இசைத்த மெட்டுகளுக்குச் சமற்கிருதச் சாகித்தியம் புனைந்தார். நோட்டுச்சுரங்கள் எனப்படும் அவை ஏறத்தாழ நாற்பது. ஆங்கில அரச வாழ்த்தின் மெட்டு 'சந்ததம் பாஹிமாம்' ஆயிற்று. அது மும்மாத்திரை மெட்டு. 'சக்திசகித கணபதிம்' என்பதும் அத்தகையதே. இவையனைத்தும் சங்கராபரண அடுக்கில் அமைந்தவை என்பது கவனித்தற்குரியது. வெற்றியும் விருந்தும் கொண்டாடிய படைவாத்தியம் மேஜரையே தந்தது. மைனரின் துயரம் அக்கப்பலில் ஏறவில்லை. ஈழத்திலும் நிலை ஏறத்தாழ இதுவே. போர்த்துக்கேயர் வழிவந்த மட்டக்களப்புப் பறங்கியரின் காப்பிரிஞ்ஞா ஆறு மாத்திரைத் துள்ளலுடையது, மணவீட்டுக்குரியது. சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி' எட்டயபுரத்தில் அச்சேறியதும், வால்ஸ் திரீஸ்த் தன் பெயரைப் பெற்றதும் ஒரே 1904ஆம் ஆண்டிலாகும். இரண்டும் ஒன்றையொன்று அறியா.

அவ்வாறாயின் துயரத்தின் இசையை நம் கரையோரம் எங்கே வைத்தது? மன்னார்ப் பெருநிலத்துக் கரையில், மாந்தைக்கு வடக்கே, பூநகரி செல்லும் பாதையை அடுத்துள்ளது விடத்தல்தீவு. பெயரில் தீவேயன்றி நிலத்திற் தீவன்று. விடத்தல் மரத்தாற் பெயர்பெற்றது. கண்டற்காடும் களப்பும் ஆழமற்ற கடலும் சூழ்ந்த இவ்வூர் தொல்காப்பியர் கூறும் நெய்தலுக்கு நேரான நிலம். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல், பொழுது எற்பாடு, உரையாசிரியர் அதற்குக் கொண்ட பண் செவ்வழி. சிலப்பதிகாரத்துக் கானல்வரியில் மாலைப்பொழுதை நொந்து மாதவி பாடுமிடத்து நுளையரின் விளரி பேசப்படுகின்றது. கடற்றொழில் செய்வோருக்கென ஓர் இரங்கற்பண் இருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. சுவாமி விபுலாநந்தர் 1947இல் வெளிவந்த 'யாழ் நூலில்' ஏழ்பெரும் பாலைகளை ஆராய்ந்தார். அம்முறைப்படி படுமலைப்பாலை இன்றைய நடபைரவியாகவும், விளரிப்பாலை தோடியாகவும் கொள்ளப்படும். ஐரோப்பியர் துயரத்துக்குத் தெரிந்த அடுக்கு நம் முன்னோரிடம் இருந்தது. ஆனால் நெய்தல் மாந்தர் இரங்குதற்கு அதனை விடுத்து விளரியைக் கொண்டனர். நடபைரவியின் சதுச்சுருதி ரிஷபம் தோடியிற் சுத்த ரிஷபமாகத் தாழ்வதனால் ஆதார சட்சத்தை அணுகுந்தோறும் குரல் ஒடுங்குகின்றது.

இக்கரையின் கத்தோலிக்க ஊர்களில் இரங்கலுக்குப் பிற்காலத்தில் வேறொரு வடிவம் கிடைத்தது. கோவாவிற் பிறந்து 1705இல் இலங்கை வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் (1676–1742) இயற்றிய 'வியாகுலப் பிரசங்கம்' ஒன்பது பிரசங்கங்களாக அமைந்தது. தவக்காலத்தில் அதனை இராகமிழுத்து வாசிப்பர். கிறிஸ்துவின் பாடுகளும் தாய் மரியாளின் புலம்பலும் அதன் பொருள். இங்கே தாளம் இல்லை. மூச்சின் நீளமே அளவு. வீட்டு ஒப்பாரியும் அவ்வாறே. துயரம் மிகுந்தவிடத்துத் தாளத்தை விலக்குவது நம் வழக்கு. சிபேலியஸ் செய்ததோ இதன் நேர்மறை. அவர் துயரத்தைத் தாளத்துள் அடைத்து, ஆடும்படி பணித்தார்.

ஆயினும் இவ்வேறுபாட்டை முற்றமுடிபாகக் கொள்ளவும் இயலாது. மன்னார்க் கரையூர்களில் வடபாங்கு, தென்பாங்கு என இருவகைக் கூத்து மரபுகள் வழங்கி வந்துள்ளன. 1960களிற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் இப்பகுதி நாடகச் சுவடிகள் சிலவற்றைப் பதிப்பித்துப் பல்கலைக்கழகத்தாரின் கவனத்துக்குக் கொணர்ந்தார். கூத்தில் விருத்தம் தாளமின்றிப் பாடப்படும். தரு மத்தளத்துக்கும் தாளத்துக்கும் உட்படும். சிற்றன்னையாற் கைகள் வெட்டுண்டு காட்டில் விடப்பட்ட ஞானசவுந்தரி போன்ற பாத்திரம் புலம்பும்போது விருத்தத்தில் அழுதுவிட்டுத் தருவில் அடங்கிய காலத்தில் நடந்தாக வேண்டும். அழுகின்ற உடல் தாளத்துக்குக் கட்டுப்படும் அவ்விடத்திற் கூத்தும் வோல்ஸும் அண்மித்து வருகின்றன. வேறுபாடு கேட்போரிடத்தே உள்ளது. கூத்துக் களரியைச் சுற்றி ஊர் முழுதும் அமர்ந்திருக்கும். பாவலியின் தாய்க்கோ உறங்கும் மகனன்றி உயிருள்ள துணை ஒன்றுமில்லை.

சிபேலியசுக்கு இவ்வுருப்படி பெரும் புகழையும் சிறு பணத்தையும் தந்தது. கடன் தொல்லையில் இருந்த அவர் அதன் உரிமையை ஒரே தொகைக்கு ஹெல்சிங்கிப் பதிப்பாளருக்கு விற்றுவிட்டார். பின்னர் அவ்வுரிமை செருமனியின் பிரைற்கொப் நிறுவனத்துக்குக் கைமாறியது. ஐரோப்பிய உணவகங்களிலும் விடுதிகளிலும் சிறு வாத்தியக்குழுக்கள் அதனை இசைத்தன. ஆக்கியோனுக்கு அவ்வருவாயிற் பங்கில்லை. மரணத்தின் வருகையைக் கூறும் இசை, உணவருந்துவோரின் உரையாடலுக்குப் பின்னணியாயிற்று. சொஸ்தகோவிச்சின் சி மைனர் வோல்ஸுக்கும் இத்தகைய விதியே நேர்ந்தது. 1950களில் ஒரு திரைப்படத்துக்கு எழுதப்பட்ட அவ்விசை, அவரது தொலைந்துபோன வேறொரு படைப்பின் பெயரால் நெடுங்காலம் உலகெங்கும் வழங்கிவந்தது.

திரைப்படம் ஒன்று வால்ஸ் திரீஸ்த்தை அதன் முதற்பொருளுக்கு அண்மையில் மீட்டது. இத்தாலியரான புருனோ பொசெற்றோ 1976இல் வெளியிட்ட 'அலெக்ரோ நொன் திரொப்போ' என்னும் படத்தில், இடிந்து பாழான வீடொன்றிற் பூனையொன்று அலைகின்றது. மைனர் பகுதியில் அது வெற்றுச் சுவர்களைக் காண்கின்றது. இசை மேஜருக்கு மாறுந்தோறும் அச்சுவர்களிடையே பழைய குடும்பத்தார் நடமாடக் காண்கின்றது. இசை தளர அவர்கள் கரைகின்றனர். முடிவிற் பூனையும் மறைய, கட்டடம் இடிக்கப்படுகின்றது. விடத்தல்தீவிலிருந்து 1990 ஒக்டோபரில் முசுலிம் குடிகள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டனர். இராணுவம் 2008 யூலையில் ஊரைக் கைப்பற்றிய போரில் எஞ்சியோரும் இடம்பெயர்ந்தனர். ஆண்டுகள் கழிந்து மீண்டு, கூரையற்ற தம் வீட்டில் அடுக்களை இருந்த மூலையையும் தாய் படுத்திருந்த திண்ணையையும் தேடியவர்க்கு அப்பூனையின் பார்வையை விளக்கவேண்டுவதில்லை.

கூத்து எத்துணை அவலமுடையதாயினும் விடியலில் மங்களம் பாடியே முடியும். இறந்த பாத்திரமும் எழுந்து நின்று அதிற் சேர்ந்துகொள்ளும். சிபேலியஸ் மங்களம் வைக்கவில்லை. வெறியோட்டம் நின்றபின் பல்லியம் முழுதும் ஓய்கின்றது. நான்கு வயலின்கள் மட்டும் தனித்து நின்று, மிக மெல்லிய சில கூட்டுச் சுரங்களை ஜி மைனரில் ஒலித்து அடங்குகின்றன.